நான் கழற்றிய குரூப் போட்டோ

ஆசிரியர் மன்ற மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் எழுத வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து பயன்படக்கூடியது ஒன்றுதான். சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களில் யாரையாவது கல்லூரி வாசலில் நிற்கச் சொல்வார்கள். பிள்ளைகள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்க்கச் சொல்வார்கள். நிற்காதீர்கள். முடியாது என்று சொல்லுங்கள். வாயால் சொல்லப் பயமாக இருந்தால், உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத்து என்றதும் உத்தரவு போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை வந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த வாசலில் ஒரு வருடம் நின்றவன் நான். அந்த வருடம் செய்த ஒரு காரியத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட மாட்டோம் என்றால் ஜெராக்ஸ் எடுத்து நானே ஒவ்வொரு துறையிலும் கொண்டுவந்து கொடுப்பேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஜூலை மாதம். கல்லூரி திறந்த இரண்டாவது வாரமே வகுப்பறைகளில் அந்துருண்டை வாசனை அடிக்க ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பார்த்தால் பையன்கள் தங்கள் அப்பாக்களின் பெல்பாட்டம் கால்சட்டைகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நாய்க்காது மாதிரி தொங்கும் காலர், கையகல பெல்ட், காதுக்குக் கீழே இறங்கிய கிருதா. அப்பா எதையும் பத்திரப்படுத்தாத வீட்டுப் பையன்கள் பாண்டி பஜாரில் புதிதாகத் தைத்துக்கொண்டார்கள். பெண்கள் அம்மாக்களின் நைலக்ஸ் புடவைகளில் வந்தார்கள். ரூபாய் அளவு பொட்டுகள் அச்சிட்ட புடவை, பஃப் கை ரவிக்கை, பெரிய வளையத் தோடு. கேபிள் டி.வி.யில் பழைய பாட்டுகளை ஓயாமல் போடுவதுதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்கு அது ஏன் அவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பதை யாரும் பேசவில்லை. எங்களுடைய இருபத்தைந்து வயது எங்களைக் கேட்காமல் படியேறி எதிரே வந்து நின்றது. அதற்கு எங்களைவிட நல்ல இடுப்பு இருந்தது.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கல்லூரி என்ன நாடகக் கொட்டகையா என்று கேட்டார். ஒழுங்குக் குழுவுக்கு நான் தலைவர். முதல்வர் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதை அவர் பேச்சோடு பேச்சாக நினைவூட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதில் எந்த மறைப்பும் இல்லை. வரலாற்றுத் துறையிலிருந்து அதுவரை யாரும் முதல்வரானதில்லை என்று வேண்டுமானால் ஒரு சமாதானம் சொல்லலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஒரு அடி நீள மர ஸ்கேலோடு வாசலில் நின்றேன். கால்சட்டையின் கீழ்விளிம்பைத் தட்டையாகப் பிடித்து ஸ்கேலை வைப்பேன். பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டும். காவலாளி தணிகாசலம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். நான் குனிந்து அளக்க, மாணவன் நிமிர்ந்து நிற்க, வரிசை தெருமுனை வரை போகும். ஒரு பையன், "சார், அப்படியே இடுப்பையும் அளந்துடுங்க, டெய்லர் கேட்டாரு" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனைத் திருப்பி அனுப்பினேன். தணிகாசலம் மட்டும் அன்று மாலை தாழ்வான குரலில் சொன்னார்.

"சார், தப்பா நெனிச்சுக்காத. நீ சேர்ந்த புதுசுல போட்டுக்கினு வந்தியே, அது இத்த வுட பெர்சு. கேட்ல நின்ன ஒரு நாய் உன் பேண்ட்டுக்குள்ள பூந்துட்ச்சுன்னு நாங்க சிரிச்சோம்."

அவர் சொன்னது பொய்யில்லை. எழுபதுகளின் நடுவில் நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது என் கால்சட்டையின் கீழ்ச்சுற்று இருபத்தாறு அங்குலம். தட்டையாக வைத்தால் பதிமூன்று. என் ஸ்கேலில் நானே ஓர் அங்குலத்தில் தோற்றிருப்பேன். அப்போது எனக்கு நிர்வாகத்திலிருந்து மெமோ வந்தது. ஆசிரியர் பணிக்குப் பொருந்தாத உடை, விளக்கம் தரவும். நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். நடுங்கிப் போய், வருந்துகிறேன், இனி நேராது என்று அரைப் பக்கம் எழுதி எங்கள் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் மயிலாப்பூர்க்காரர், பஞ்சகச்சமும் கோட்டுமாக வருகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓய், நீர் பேண்ட் போட்டுண்டு வந்திருக்கீரா, இல்ல பேண்ட் உம்மைப் போட்டுண்டு வந்திருக்கா?"

பிறகு என் கடிதத்தை எடுத்து 'வருந்துகிறேன்' என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். "வருத்தமா இருக்கா உமக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் ஏன்யா எழுதறீர்? சரித்திரம் சொல்லிக் கொடுக்கறவன் நடக்காததை எழுதப்படாது." அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கால்சட்டையின் கீழ்ச்சுற்று இருபத்தாறு அங்குலம். கல்லூரி விதிகளில் இதற்கு உச்சவரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. குறிப்பிட்டால் பின்பற்றத் தயாராக இருக்கிறேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு என் உடை பிடிக்கவே பிடிக்காது. ஓய்வு பெறும்வரை அதைக் கேலி செய்தார். ஆனால் பிடிக்காத ஒன்றுக்காக என்னை மண்டியிட வைக்க அவர் விடவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன்.

இதெல்லாம் நினைவில் இருந்தும்தான் ஸ்கேலைப் பிடித்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

ஆகஸ்டில் வரலாற்று மன்றத் தொடக்க விழா. மூன்றாம் ஆண்டு மாணவிகள் ஐந்து பேர் பேசிவைத்துக்கொண்டு அம்மாக்களின் பழைய புடவை ரவிக்கைகளில் வந்தார்கள். புடவை உடுத்தலாம் என்பது விதி. அதனால் தணிகாசலம் உள்ளே விட்டுவிட்டார். ஐந்தும் கையில்லாத ரவிக்கை என்பது விழா நடுவில்தான் தாளாளரின் கண்ணில் பட்டது. மேடையிலிருந்தபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கடிதம் கேட்டேன். அதற்கென்று ஒரு வாசகத்தை நானே தயாரித்துப் படியெடுத்து வைத்திருந்தேன். 'நான் இன்று கல்லூரிக்கு அநாகரிகமாக உடை அணிந்து வந்தேன். இதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' பெயர், வகுப்பு, கையெழுத்து. மாணவர்கள் அதை 'அபாலஜி' என்பார்கள். பஸ் டிக்கெட் மாதிரி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான்கு பேர் அங்கேயே நின்று கையெழுத்திட்டார்கள். ஐந்தாவது பெண் மலர்விழி. அடையாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் விடைத்தாளில் என்னோடு சண்டை போடுவாள். அவள் காகிதத்தை வாங்கி, ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 'அநாகரிகமாக' என்ற சொல்.

இது எல்லாருக்கும் ஒரே வாசகம்தான், அடிக்கக் கூடாது என்றேன்.

"இனிமே போட்டுட்டு வரமாட்டேன்னு எழுதித் தரேன் சார். எத்தனை தடவ வேணா எழுதறேன். அந்த வார்த்த மட்டும் வேணாம்."

ஏன் என்று கேட்டேன்.

"இது எங்கம்மா ஜாக்கெட் சார். இதே காலேஜுக்கு, இதே டிபார்ட்மெண்டுக்கு போட்டுட்டு வந்தாங்க. வராண்டால மாட்டியிருக்கற குரூப் போட்டோல இதப் போட்டுட்டுதான் நிக்கறாங்க. நான் அந்த வார்த்தைய எழுதினா எங்கம்மாவ எழுதின மாதிரி ஆயிடும்."

கீழ்ப்படியாமை என்று குறிப்பு எழுதினேன். திங்கட்கிழமை பெற்றோருடன் விசாரணைக்கு வர வேண்டும், அந்தச் சொல்லோடு கையெழுத்திடாவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் ஆண்டு நடுவில் வெளியே போகிறவளை எந்தக் கல்லூரியும் சேர்க்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் சரி சார் என்றாள். போகும்போது, "திங்கக்கெழம அந்த போட்டோவ கமிட்டிக்கு காட்டறேன் சார்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. என்னிடம் ஓர் ஆதாரம் இருக்கிறது என்று ஆசிரியரிடம் மாணவி சொல்வது போலத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் கல்லூரி காலியான பிறகு வராண்டாவுக்குப் போனேன். ஆண்டு வாரியாகப் பதினெட்டுப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அதில் ஒன்றைத் தேடி நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் வரிசையில் கடைசியாக நான். கிருதா தாடையைத் தொடுகிறது. கால்மேல் கால் போட்டிருக்கிறேன், கால்சட்டை விளிம்பு விரித்த குடை மாதிரி ஷூவை மூடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் நிற்கும் வரிசையில் பெண்கள் ஏழு பேர். நான்கு பேருக்குக் கையில்லாத ரவிக்கை. மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் முகம் மலர்விழியின் முகமேதான். கீழே அச்சிட்ட பெயர்ப் பட்டியலில் எஸ். வள்ளி. அதற்கு மேல் வரியில் என் பெயர்.

அந்தப் படத்தை விசாரணைக் குழு பார்த்தால் மலர்விழி ஜெயித்துவிடுவாள். அதோடு, ஸ்கேலோடு நான் வாசலில் நிற்பது கல்லூரிக்கே சிரிப்பாகிவிடும். தாளாளர் அந்த நாற்காலிக்கு வேறு ஆளைத் தேடுவார். ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன்.

அதோடு நின்றிருந்தால் ஆத்திரத்தில் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. இடைவெளி காட்டிக்கொடுத்தது. அதனால் இரண்டு பக்கமும் இருந்த ஆறு படங்களைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, தள்ளித் தள்ளி அடித்து, மறுபடி மாட்டி இடைவெளியைச் சரிக்கட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு படம் சாய்ந்திருந்ததை இறங்கி ஏறிச் சரிசெய்தேன். அவ்வளவு பொறுமையாக நான் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைகூட எழுதியதில்லை. கழற்றிய படத்தை ஹிந்துப் பேப்பரில் சுற்றி, ஸ்கூட்டரில் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால் செருகினேன்.

திங்கட்கிழமை குழுவில் என்னோடு இரண்டு பேர். மலர்விழி அம்மாவோடு வந்தாள். வள்ளி ஒரு மாநகராட்சிப் பள்ளியில் எழுத்தராக வேலை பார்த்தார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லி, பழைய மாணவி, என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எத்தனையோ பேர் படித்தார்கள் என்று சொன்னேன்.

மலர்விழி எங்களை வராண்டாவுக்குக் கூட்டிப்போனாள். நேராக ஓர் இடத்தில் போய் நின்றாள். அங்கே வேறொரு வருடத்துப் படம் இருந்தது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், ஆண்டுகளை வாய்க்குள் எண்ணினாள். பிறகு குனிந்து தரையைத் தொட்டு விரலைப் பார்த்தாள்.

"ஆணி ஓட்டைலாம் புதுசா இருக்கு சார். கீழ சுண்ணாம்பு கொட்டியிருக்கு." என் பக்கம் திரும்பினாள். "ஆதாரத்த அழிச்சாலும் அழிச்ச தடம் நிக்கும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

குழுவிலிருந்த மற்ற இருவரும் சுவரைப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு பாடம்தான் உங்களுக்கு. பார்க்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு யாரும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. அறைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் அவர்களில் மூத்தவர் மட்டும் முறைக்காக என்னைக் கேட்டார், அந்த வருடம் நீங்கள் பணியில் இருந்தீர்களே, படம் எடுத்தார்களா என்று.

"எடுத்ததாக எனக்கு நினைவில்லை" என்றேன்.

 வள்ளியிடம் அந்தப் படத்தின் பிரதி இருக்கிறதா என்று மூத்தவர் கேட்டார். ஸ்டுடியோக்காரர் பிரதி கொடுத்தபோது வாங்க முடியவில்லை என்றார். மகளைச் சேர்க்க வந்த அன்றுதான் இருபது வருடம் கழித்து அதைப் பார்த்ததாகவும், மகளுக்குத் தொட்டுக் காட்டியதாகவும் சொன்னார். அப்படியானால் ஆதாரம் ஏதும் இல்லை என்றார் மூத்தவர். வள்ளி என்னைப் பார்த்தார்.

"போட்டோ இல்லன்னா இன்னா சார்? நீங்க கீறீங்களே."

 அவர் தொடர்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னிக்கு நான் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தேன். குள்ளமா கீறவங்க முன்னாடி வாங்கம்மான்னு நீங்கதான் கூப்ட்டு நிக்க வெச்சீங்க. ஏன் ஒளிஞ்சேன் தெரியுமா? அந்த ஜாக்கெட்டுக்குத் துணி பத்தல சார். எங்கம்மா வேல பாத்த வூட்ல குடுத்த பிட்டு. கை வெக்க முடியாதுன்னுட்டான் டெய்லரு. வெக்காத, இப்ப அதான் ஃபேசன்னேன். வந்து பாத்தா கார்ல வர்ற பொண்ணுங்களும் கையில்லாம நிக்குதுங்க. நானும் நிக்கறேன். எது ஃபேசனு, எது துணி பத்தாததுன்னு யாருக்குத் தெரியும்? இந்தக் காலேஜுல நான் மத்தவங்க மாதிரி இருந்தது அந்த ஒரு ஜாக்கெட்லதான். அதுக்குதான் பொட்டில வெச்சினு இருந்தேன். அத்தப் போயி அநாகரிகம்னு எழுதச் சொல்றீங்க."

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. எழுந்து மந்தைவெளிக்குப் போய் எடுத்து வந்திருக்கலாம். அரை மணி நேரத்து வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தனிநபர் நினைவுகளை விசாரணையில் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது" என்றேன். இருபத்து மூன்று வருடம் வாய்மொழி வரலாற்றின் மதிப்பைப் பற்றி வகுப்பெடுத்தவன் பேசிய பேச்சு அது. அந்த வாக்கியம் தயங்காமல், இலக்கணப் பிழையில்லாமல் வந்தது. தொழிலில் தேர்ச்சி என்பது இப்படியும் உதவும். ஜாக்கிரதையாக இருங்கள்.

காகிதத்தை மறுபடி மலர்விழியின் முன்னால் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். பட்டம் வாங்கப் போகிற மகள். அந்த அம்மா இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மலரு, நீ எழுதாத. வா போலாம்."

மூன்றாம் நாள் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். அதில் நடத்தை என்ற இடத்தில் என்ன போடுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 'நன்று' என்று போடச் சொன்னேன். அது கருணை என்று அன்று நினைத்துக்கொண்டேன். வெட்கம்தான் அது.

மே மாதம் முதல்வரானேன். நாற்காலி நன்றாகவே இருந்தது. ஆறு வருடம் உட்கார்ந்தேன். அந்த வருட இறுதிக்குள் பெல்பாட்டம் தானாகவே போய்விட்டது. கால்சட்டைகள் சுருங்கின, புடவைகள் பெட்டிக்குத் திரும்பின. நான் அளந்ததால் போகவில்லை. போகிற காலம் வந்ததால் போனது. அந்தப் பெண்ணின் படிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, என் மனைவி இறந்தபின் வீட்டை ஒழித்தபோது படம் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதற்கு மேலும் நான் சாக்குச் சொல்ல முடியவில்லை. அடையாற்றங்கரைக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடியிருப்பையே காலி செய்து நகரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். இரண்டு பேருந்து மாறி, மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றையறை வீட்டைக் கண்டுபிடித்தேன். வள்ளிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் படத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்தேன் என்பதை முழுவதும் சொன்னேன். ஆணிகளைத் தள்ளி அடித்தது உட்பட.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியின் மேல் விரலை வைத்துத் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார். என்னையும் கண்டுபிடித்தார். "இந்த பேண்ட்டுல நடந்து வருவீங்களே, தெருவப் பெருக்கினு வர்ற மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். பிறகு படத்தை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வாணாம் சார். இத்த என் வூட்ல மாட்னா எனக்குத் தெரிஞ்சதுதானே எனக்குத் தெரியப் போவுது? எங்கருந்து எடுத்தீங்களோ அங்க கொண்டுபோயி மாட்டுங்க."

மலர்விழியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தடுப்புத் துணிக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்டதும் நின்றது. வள்ளி அந்தப் பக்கம் பார்த்தார். சிறிது நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. "அவளுக்கு வேல கீது சார்" என்றார். தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்துவிட்டதாகவும், எந்தப் பாடம் என்று நான் கேட்டதற்கு வரலாறு இல்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு நம் நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, படத்தைப் பழைய இடத்தில் மாட்ட அனுமதி கேட்டேன். மலர்விழியின் மேல் எழுதிய குறிப்பைப் பதிவேட்டில் ரத்து செய்யவும் கேட்டேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. பதிவேடுகள் பழையவை, கிடைக்கவில்லை. படத்தில் இருப்பவர்களின் உடை தற்போதைய உடை விதிகளுக்கு முரணாக இருப்பதால் அதைக் காட்சிக்கு வைப்பது மாணவர்களுக்குத் தவறான முன்னுதாரணம் ஆகும். இந்தப் பதிலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவும் ஓர் ஆவணம்.

இப்போது மூன்றாவது சுற்று. சென்ற மாதம் கல்லூரிப் பக்கம் நடந்து போனேன். பையன்கள் மறுபடி அகலக் கால்சட்டையில் வருகிறார்கள். ஒரு பெண் தன் அம்மாவுடைய தொண்ணூறுகளின் சுடிதாரில் நின்றாள். வாசலில் உங்களில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இளைஞர். ஸ்கேல் இல்லை, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகம் தெரிந்தது. பெயர் எழுதப் போவதில்லை. அவருக்குத்தான் முதலில் சொல்கிறேன். நாளைக்கு வாசலுக்குப் போகாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத உடையைக் கேலி செய்யுங்கள், அது உங்கள் உரிமை. யார் கையிலும் பேனாவைக் கொடுத்துத் தன்னைத்தானே திட்டி எழுதச் சொல்லாதீர்கள். அந்த உரிமை உங்களுக்கும் இல்லை, உங்களை அனுப்புகிறவருக்கும் இல்லை.

இந்தக் கட்டுரை உங்கள் கையில் வரும் வாரம், ஒரு வேலை நாளில், முதல் மணி அடித்ததும் நான் வருவேன். அனுமதி கேட்கப் போவதில்லை. கேட்டாகிவிட்டது. ஆணியும் சுத்தியும் நானே கொண்டுவருவேன். எழுபத்தைந்து வயதில் ஸ்டூலில் ஏறுவதற்கு மட்டும் யாராவது தோள் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் ஏறிக்கொள்வேன். பழைய ஆணி ஓட்டை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மேலே எத்தனை முறை வெள்ளையடித்திருந்தாலும் தெரியும். வகுப்புக்குப் போகும் வழியில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். நிற்கும் பெண்கள் வரிசையில் மூன்றாவது ஆள் வள்ளி. பெயரைப் படியுங்கள். உட்கார்ந்திருப்பவர்களில் கடைசி ஆளையும் பாருங்கள்.

நான் போன பிறகு அதைக் கழற்றிவிடுவார்கள். இடைவெளியையும் சரிக்கட்டுவார்கள், நான் செய்ததைவிடத் திறமையாக. பிறகு ஒருநாள் ஏதாவது ஒரு விசாரணையில் உங்களைக் கூப்பிட்டு, இங்கே அப்படி ஒரு படம் இருந்ததா என்று கேட்பார்கள். அப்போது உங்களுக்கும் ஏதாவது ஒரு நாற்காலி வேண்டியிருக்கும்.

இருந்தது என்று சொல்லுங்கள்.